கவலை இழுத்த பொலிகாளை

எங்கள் மாம்பள்ளக் கண்டிகையில் முதன்முதலாக ஆயில் இன்ஜின் இறக்கியவன் துளசிராமன்தான். ஐம்பத்தாறாம் வருஷம். அதற்கு முந்தைய துளசிராமனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சடுகுடு ஆட்டத்தில் ஊத்துக்கோட்டை ஆட்கள் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும், மூச்சை விடாமல் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொடுவான். கோழி கூவுமுன் கிணற்றடியில் அவன் கவலை கட்டும் சத்தம் கேட்கும்.

கவலை என்றால் மனக்கவலை இல்லை, தண்ணீர் இறைக்கிற கவலை. மாட்டைச் சரிவில் இறக்கினால் தோல் சால் நிறைந்து மேலே வரும். மறுபடி மாட்டைப் பின்னுக்கு நடத்தினால் சால் கிணற்றுக்குள் போகும். ஒரு ஏக்கர் பாய்வதற்குள் மாடும் மனிதனும் திருத்தணிக்கே நடந்து போய்த் திரும்பியிருக்கலாம்.

அந்தக் கவலையைத்தான் இன்ஜின் ஒரே நாளில் ஒழித்தது. ஹேண்டிலைச் சுற்றினால் புகை, புகைக்குப் பின்னால் தண்ணீர். துளசிராமன் கட்டிலைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டு படுத்தான்.

அவனோடு இன்னொருவனும் படுத்தான். சர்க்கார் அவனிடம் ஒப்படைத்திருந்த பொலிகாளை ராஜுலு. வெள்ளை வெளேரென்று ஓங்கோல் சாதி, திமில் ஒரு பானை அளவுக்கு இருக்கும். சுற்றுப்பட்டுப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் மாப்பிள்ளை. முன்பெல்லாம் ஒரு கிழ எருதோடு சேர்ந்து தினமும் கொஞ்ச நேரம் கவலை இழுக்கும். இன்ஜின் வந்தபின் அதற்கும் ஓய்வு. காளைக்குப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும், எஜமானுக்கு நெய்யும் வெல்லமும். இரண்டு பேருக்கும் தொப்பை ஒரே வேகத்தில் வளர்ந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், யாராவது பேசினால் கோபம் வரும், பட்டப்பகலில் குறட்டை வரும்.

அப்புறம் ஒரு நாள் கட்டிலை நிரந்தரமாக இன்ஜின் கொட்டகைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டான். "எவனாவது இன்ஜினைக் கயட்டிக்கினு பூட்டா?" என்றான். நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத இரும்பை எந்தத் திருடன் தோளில் போட்டுக்கொண்டு போவான்?

அவன் மனைவி லட்சுமியம்மாள் வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள். இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி குணசுந்தரியிடம்தான் ஒரு நாள் அழுதிருக்கிறாள். "அந்த மனுசனுக்கு என் மூஞ்சி சலிச்சுப் பூட்ச்சுடி. ஊட்டுப் பக்கமே வர்றதில்லே. வேற எவளாவது கீறாளோ இன்னாவோ." கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றுதான் கிளம்பினேன். அதற்குள் கன்னியம்மா முந்திக்கொண்டாள்.

கன்னியம்மாவுக்குப் புருஷன் இல்லை. ஒரே பசுவின் பாலை விற்றுக் குடும்பம் நடத்துகிறவள். அவள் துளசிராமனின் கொட்டகை வாசலில் நின்று போட்ட கூச்சல் ஏரிக்கரை வரை கேட்டது.

"மூணு தபா பசுவை ஓட்டிக்கினு வந்தேன். மூணு தபாவும் உன் காளை மோந்து பாத்துட்டுப் படுத்துக்குது! இது சர்க்கார் காளையா, சர்க்கார் ஆபீசரா?"

ஊரே கூடிவிட்டது. அவள் பசு மட்டுமில்லை, என் பசுவும் சினைப்படவில்லை. யாரோ சொல்லியனுப்ப, அடுத்த நாளே மாட்டு டாக்டர் ஆசீர்வாதம் சைக்கிளில் வந்து இறங்கினார். காளையைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார், கொழுப்பை விரலால் அமுக்கிப் பார்த்தார். அதன் வாயைத் திறந்து மோந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாய்யா இது? கிராம்பு, ஏலக்காய் வாசனை வருது. காளை பிரியாணி தின்னுச்சா?"

துளசிராமனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"லேகியம் சார்."

"இன்னா லேகியம்?"

"தாது புஷ்டி லேகியம் சார். ஊத்துக்கோட்டைச் சந்தையில வாங்கினது."

"காளைக்குன்னு கேட்டா வாங்கினே?"

கூடி நின்ற ஊர் கழுத்தை நீட்டியது. துளசிராமன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்குன்னு வாங்கினேன் சார். அப்பால, அதுக்கும் அதே கோளாறுன்னு தெரிஞ்சுது. நான் பாதி, அது பாதி."

ஐயையோ, அன்றைக்கு ஊர் சிரித்த சிரிப்பு! ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்காதவள் ஒருத்தி, லட்சுமியம்மாள். அவள் புருஷனையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். பக்கத்தில் நின்ற குணசுந்தரியின் கையை இறுக்கிப் பிடித்து, "என் மூஞ்சி இல்லடி, என் மூஞ்சி இல்ல" என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவன் அவளை வெறுத்து ஓடவில்லை. முடியாமல் போனதை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டு ஓடியிருக்கிறான். கொதித்த ரத்தம் அடங்கி, எனக்கு அவன்மேல் பாவமாகிவிட்டது.

ஆசீர்வாதம் மட்டும் சிரிக்காமல் கையைக் கழுவிக்கொண்டார். "இதுக்கு வியாதி ஒண்ணும் இல்லே. கவலை இல்லாமப் போச்சு, அதான் வியாதி."

"கவலை இல்லாதவனுக்கு வியாதியா? இது இன்னா ஞாயம் சார்?" என்றாள் கன்னியம்மா.

அவர் கிணற்றடியில் புல் முளைத்துக் கிடந்த சரிவைக் காட்டினார். "அந்தக் கவலையைச் சொல்றேம்மா. ஆண் உடம்புல ஒரு சுரப்பு இருக்கு. ஹார்மோன்னு பேரு. பலம், மீசை, ஆசை எல்லாத்துக்கும் அதுதான் ஆதாரம். கொழுப்பு ஏறினா, நடமாட்டம் இல்லேன்னா, தூக்கம் கெட்டா அது குறைஞ்சு போகும். இந்த இன்ஜின் கத்துற கத்துக்குப் பக்கத்துல கட்டிப்போட்டா எந்தக் காளை தூங்கும்? புண்ணாக்கைப் பாதியாக்கு, பசும்புல்லு போடு, தினம் கவலையில கட்டு. லேகியத்துல இருக்கிற நெய்யும் வெல்லமும் இன்னும் கொழுப்பைத்தான் ஏத்தும். ஆவணியில வந்து பார்ப்பேன். ரெண்டு பசுவாவது சினையா இல்லேன்னா காளையை ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

துளசிராமனின் முகம் செத்துவிட்டது. ராஜுலு போனால் அவனுக்கு ஊரில் மிச்சம் இருக்கப்போவது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

மறுநாள் விடிந்ததும் இன்ஜின் ஹேண்டிலைக் காணோம்!

"லட்சுமி! ஹேண்டில் எங்கே?"

"நெல்லுக்குதிர்ல கீது. ஆவணிக்குத்தான் வெளியே வரும்."

"பேஜாரு பண்ணாதே. டாக்டரு சொன்னது காளைக்குத்தானே?"

"சொன்னது காளைக்கு. நான் கேட்டுக்கினது ரெண்டு பேருக்கும். கெளம்பு மாமா."

அவள் சால் தைக்க ஆள் பிடித்தாள், வடம் வாங்கினாள். லேகியச் சட்டியைக் கழுவி அதில் உப்பு போட்டு வைத்தாள். நெய்ப் பொங்கல் போய்க் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் பழவேற்காட்டு மீனும் வந்தன. காளைக்கும் இடம் மாறியது, கொட்டகையிலிருந்து புங்கமரத்தடிக்கு. முதல் நாள் சரிவில் இறங்கும்போது துளசிராமன் வழக்கம்போல வடத்தின்மேல் உட்கார்ந்து சவாரி செய்யப் பார்த்தான். கரையில் நின்றவள் விடவில்லை.

"குந்தாதே மாமா, நட! உன்னையும் சேத்து இழுக்க அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

நடந்தான். திட்டிக்கொண்டே நடந்தான், இருமிக்கொண்டே நடந்தான், பாதியில் மரத்தடியில் உட்கார்ந்து நாக்குத் தள்ள மூச்சு வாங்கினான். ராஜுலுவும் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டது. பங்குனி போயிற்று, சித்திரை வெயில் வந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் வழிந்தது. நான் அவனைக் கேலி செய்தால் முன்போல எரிந்து விழாமல் திருப்பிக் கேலி செய்தான்.

வைகாசியில் ஒரு காலை "புடி! புடி!" என்று ஒரே கூக்குரல். வெளியே ஓடினேன். ராஜுலு கயிற்றை அறுத்துக்கொண்டு, மண்ணைக் குளம்பால் வாரி இறைத்துக்கொண்டு கன்னியம்மா வீட்டுப் பக்கம் பறக்கிறது! பின்னாலேயே துளசிராமன் ஓடுகிறான். ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம்! பழைய சடுகுடுக்காரன் திரும்பி வந்துவிட்டான் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கன்னியம்மா வேலிப் படலைத் தானே திறந்துவிட்டு, "வா ராஜா, வா!" என்று ஆரத்தி எடுக்காத குறை.

ஆவணியில் ஆசீர்வாதம் வந்தார். நிறுத்தி வைத்தது மூன்று பசு. சட்டையைக் கழற்றிவிட்டு, தோள் வரைக்கும் சோப்பைத் தடவிக்கொண்டு முதல் பசுவுக்குள் கையை விட்டார். அது என் பசு. ரொம்ப நேரம் துழாவிவிட்டுத் தலையை ஆட்டினார். இல்லை. என் பசுவை அப்படியே ஆற்றில் தள்ளிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டாவது பசுவுக்கு, "சினை!" என்றார். ஒரே விசில். மூன்றாவது கன்னியம்மா பசு. அது அவரை உதைத்தது, வாலால் முகத்தில் அடித்தது. துளசிராமன் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். லட்சுமியம்மாள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சினை! நல்லாக் கெட்டியான சினை!"

பெண்கள் குலவையிட்டார்கள். நான் துளசிராமனைத் தூக்கிச் சுற்றினேன். என்னால் தூக்க முடிந்தது, அத்தனை இளைத்திருந்தான். கன்னியம்மா ராஜுலுவின் நெற்றியில் மஞ்சளை அப்பினாள்.

ஆசீர்வாதம் கையைக் கழுவிக்கொண்டே இன்ஜின் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கட்டில் அங்கே இல்லை.

"காளை இங்கேயே இருக்கட்டும்னு எழுதிடறேன். ஆமா, லேகியத்துல பாதி தின்ன இன்னொரு ஆளு இப்போ எப்படி?"

துளசிராமன் அவசரமாகப் பசுவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். கூட்டத்துக்கு நடுவிலிருந்து லட்சுமியம்மாள்தான், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பதில் சொன்னாள்.

"காளைக் கணக்கை மட்டும் சர்க்காருக்கு எய்துங்க சார். இந்தக் கணக்கை நான் பாத்துக்கறேன்."