மூன்று மூச்சு

என் மனைவிக்கு நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். அங்கே அவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. ஊசிக் குழாயைப் பிடுங்குகிறாள் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினார்கள். தெளிந்த பிறகு அவள் சொன்னது ஒன்றுதான்: "இன்னொரு தடவ என்ன இங்க கொண்டாந்துறாதீங்க. செத்தாலும் நம்ம வீட்லயே சாவுறேன்." கொண்டுவர மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

அதனால்தான், மிச்ச வைத்தியத்தை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் உடனே சம்மதித்தேன். ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. ஹாலில் கட்டில், தலைமாட்டில் ஆக்ஸிஜன் மெஷின், ஜன்னல் கம்பியில் மருந்துப் பாட்டில். எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு நர்ஸ் பெண் காலையும் மாலையும் ஸ்கூட்டியில் வந்து ஊசி மருந்து ஏற்றுவாள். டாக்டர் போனில் முகம் காட்டுவார். மற்ற நேரமெல்லாம் நான்தான் நர்ஸ், நான்தான் ஆயா.

"கொடுத்து வச்சவங்க, ஆஸ்பத்திரியே வீட்டுக்கு வந்துருச்சே" என்றார் எதிர் வீட்டு அம்மாள். அவருக்கு என்ன தெரியும்? கட்டில் வந்தது, மெஷின் வந்தது. கூப்பிட்டால் ஓடி வருகிற ஆள் வரவில்லையே. அவள் இருமும்போதெல்லாம் எழுந்து போய் முதுகைத் தடவிவிடுவேன். மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கரண்ட் போய்விட்டதோ என்று சமையலறையிலிருந்து ஓடி வருவேன்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் விரலில் கிளிப் மாட்டி, ஆக்ஸிஜன் அளவை எழுதி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே போனால் உடனே கூப்பிட வேண்டும். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் உதிரிப் பாகங்களின் அளவு சரிபார்க்கிற வேலை பார்த்தவன் நான். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். என் கையெழுத்துக்காகக் கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். இந்த வேலை எனக்கு ஜுஜுபி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் எண்பத்தொன்பது காட்டியது. போனை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க."

கண்ணை மூடி, மூன்று மூச்சு நன்றாக இழுத்து விட்டாள். தொண்ணூற்று மூன்று.

"இப்ப எழுதுங்க."

எழுதினேன். கிளிப் காட்டியதைத்தானே எழுதுகிறேன், இதில் என்ன பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் மூன்று போதாமல் ஆறு மூச்சு இழுத்தாள். நர்ஸ் கிளிப்பை எடுக்கப் பையைத் திறக்கும்போதே என் மனைவி மூச்சை இழுக்க ஆரம்பித்துவிடுவாள். "நல்லா இருக்கு சார், இப்படியே போகட்டும்" என்றார் டாக்டர் போனில். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை அந்த நர்ஸ் பெண் வந்ததும் என் மனைவியின் உதட்டைப் பார்த்தாள். நிறம் மாறியிருந்தது. கிளிப்பை மாட்டிவிட்டு, அளவைப் பார்க்காமல் பேச்சுக் கொடுத்தாள்.

"அம்மா, உங்க வீட்டு ரசப்பொடிக்கு என்னென்ன போடுவீங்க?"

இதைக் கேட்டால் என் மனைவி சும்மா இருப்பாளா? "தனியா... மிளகு..." என்று ஆரம்பித்தாள். சீரகம் சொல்ல மூச்சு இல்லை. கிளிப்பில் எண்பத்தைந்து.

அந்தப் பெண் என் நோட்டைப் புரட்டினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"வார்டுன்னா நடந்து போறப்பவே மொகத்தப் பாத்துக் கண்டுபிடிச்சுருவேன்ப்பா. இங்க நீங்க எழுதுறதுதான் எங்களுக்குக் கண்ணு. அதையே மறைச்சுட்டா நாங்க எப்படிப்பா பாக்குறது?"

கேட்டுக்கொண்டே போனில் டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் அனுப்பிய ஆட்கள் அவளை நாற்காலியில் உட்கார வைத்துப் படி இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் காவிரிப் பாலம் தாண்டுகிறவரை "வேணாங்க, வேணாங்க" என்றுகொண்டே வந்தாள். பிறகு அதற்கும் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா மருந்த மாத்தியிருப்பேன் சார். வீட்லயே சரி பண்ணியிருக்கலாம்."

அவளை வீட்டில் வைத்துக்கொள்ள நான் செய்த காரியம்தான் அவளை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறது. அந்த வராந்தாச் சுவரில் முட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அழவில்லை.

சாயங்காலம் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். என்னைப் பார்த்ததும் மூக்கை மூடியிருந்த மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினாள்.

"அந்தப் பொண்ணுதான்... காட்டிக் குடுத்துட்டா. இனிமே அவள... நம்ம வீட்டுப் பக்கம் விடாதீங்க. எனக்குன்னு... நீங்க ஒருத்தருதான்."

"சரிம்மா, விடல" என்றேன்.