படுத்திருப்பவருக்குக் கேட்கும் சத்தம்

அன்று காலை விசில் நேரந்தப்பி ஊதியது.

கண்ணிவெடி அகற்றும் நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இடைவேளைக்கு ஒரு விசில். மீண்டும் தொடங்க ஒரு விசில். இந்த இரண்டுக்கும் வெளியே ஊதினால், எங்கோ யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது. கையில் இருப்பதை அங்கேயே வைத்துவிட்டு, உள்ளே போன பாதையிலேயே வெளியே நடக்க வேண்டும். ஓடக் கூடாது.

நடந்தோம். முகமாலைக் கிராமத்து வெயில். முகக்கவசங்களை உயர்த்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோரும் இருந்தோம். எல்லோருக்கும் கைகால் இருந்தது. பிறகு பழக்கத்தால் எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. வேப்பமரத்தின் கீழ், முகப்பு வாசலைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் அம்புலன்ஸ். அதன் கதவருகே நிமலன் நின்றான். அழுதுகொண்டிருந்தான்.

நோயில் கிடந்த ஜெசிந்தா அக்கா போய்விட்டார் என்பது அப்போது விளங்கியது.

விசிலை ஊதியவர் எங்கள் முகாமையாளர். விதிப்படி அது பிழை.

நினைவுத் திருப்பலிக்கு வரும் உங்களுக்காக இதை எழுதித் தரும்படி அவருடைய தங்கை கேட்டார். உங்களில் பலருக்கு அவரைக் கொழும்புத்துறைக் கரையில் வைத்துத் தெரியும். எனக்கு அந்த வேப்பமரத்தின் கீழ் வைத்துத்தான் தெரியும். அவர் அம்புலன்ஸ் சாரதி. நான் அறிக்கை எழுதுபவன்.

அவருடைய வேலை காத்திருப்பது. காலையில் வாகனத்தை எடுத்து மணல் பாதை வழியே ஏ9 வீதி வரை ஓட்டுவார். வீதியில் ஏறிக் கொஞ்சத் தூரம் போவார். திரும்பி வருவார். முகப்பை வாசலுக்குத் திருப்பி நிறுத்துவார். பிறகு மாலைவரை, நடக்கக் கூடாத ஒன்றுக்காகக் காத்திருப்பார். அவர் ஓட்டிய காலம் முழுவதிலும் அது நடக்கவில்லை. அந்த ஸ்ரெச்சரில் உண்மையான காயக்காரர் ஒருவரும் படுக்கவில்லை. ஒத்திகைக்காகப் படுத்தவர்கள் மட்டும்தான்.

நடக்காத ஒன்றைப் பற்றி எப்படி எழுதுவது? நிமலனின் கதையில் தொடங்குகிறேன்.

நிமலன் இரண்டாவது சாரதியாகச் சேர்ந்த புதிது. மணலில் போவதற்காக நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்படி மாற்றிய தடியை, திரும்ப எடுக்காமலே தார் வீதியில் ஏறிவிட்டான். எங்கள் தளத்துக்குப் புதிதாக வருபவர் எல்லோரும் விடும் பிழை இது. மணல் முடிகிற இடத்தில் வாசல். அங்கே நிறுத்த வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், கயிறு இறங்கும்வரை நிற்க வேண்டும், கவசத்தைக் கழற்ற வேண்டும். இதற்குள் தடி மறந்துபோகும். சாவகச்சேரிச் சந்தையடியில் திருப்பும்போது வாகனம் முனகத் தொடங்கியிருக்கிறது. ஸ்ரியறிங் இறுகிவிட்டது. பயந்து போய்த் திரும்பி வந்தான். முன் அச்சு முடிந்துவிட்டது என்றான்.

"பேரை விடும்," என்றார் ஜெசிந்தா அக்கா. "சத்தத்தைச் சொல்லும்."

தேநீர் நேரம். வெடி அகற்றும் பெண்கள் எல்லோரும் சுற்றி இருந்தார்கள். நிமலன் தயங்கினான். அக்கா விடவில்லை. கடைசியில் வாயால் செய்து காட்டினான்: "க்ர்ர்ர்... டக். க்ர்ர்ர்... டக்."

"முட்டையும் இடுமோ அண்ணை?" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நேரே போகும்போதா திருப்பும்போதா என்று கேட்டார். மணலிலா தாரிலா என்று கேட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, அந்தச் சின்னத் தடியைத் தள்ளி, வாகனத்தைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். அடியில் எங்கோ ஒரே ஒரு முறை 'தொம்' என்றது. அவ்வளவுதான். முனகல் போய்விட்டது.

"மணல் மன்னிக்கும். தார் மன்னிக்காது," என்றார் இறங்கும்போது.

திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. மணலில் அவை சறுக்கி, தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் சறுக்க முடியாது. தீராதது எல்லாம் உள்ளே முறுகி நிற்கும். அன்று மாலை முழுவதும் நான் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வாகனத்தைப் பற்றி மட்டும் அல்ல.

அவர் அடக்கமானவர் என்று இங்கே பொய் எழுத மாட்டேன். தன் காதைப் பற்றி அவருக்குப் பெருமை இருந்தது. கரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, வருவது யாருடைய வள்ளம் என்று இயந்திரச் சத்தத்தை வைத்துச் சொல்லுவேன் என்பார். தகப்பனின் வள்ளத்தைத் தாயாருக்கும் முன்னால் நான்தான் கேட்பேன் என்பார். பிழையும் விட்டார். ஒருமுறை பின்பக்கத்தில் 'டிக் டிக்' என்று கேட்கிறது என்று வாகனத்தை நிறுத்தி, சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்தோம். மருத்துவ உதவியாளரின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கரண்டி. அதன்பிறகு யார் எதைப் பற்றிச் சந்தேகப்பட்டாலும் எங்கள் தளத்தில் 'கரண்டியோ பாருங்கோ' என்பார்கள். அந்தப் பகிடிக்கு அதிகம் சிரித்தவரும் அவர்தான்.

ஆகவே ஒரு வருடம் மாரி மழைக்கு முந்திய கிழமையில், "ஒரு இரைச்சல் கேக்குது" என்று அவர் சொன்னபோது, உடனே நம்ப ஒருவரும் தயாராக இல்லை.

அப்போது நாங்கள் தம்பிராசா ஐயாவின் காணியை முடித்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு வெளியே கொட்டில் போட்டு இருந்தார். தென்னங்கன்றுகளைப் பைகளில் வாங்கி வேலியோரம் அடுக்கியிருந்தார். மழைக்கு முன் நட வேண்டும். முகாமையாளர் அவருக்கு நாள் சொல்லிவிட்டார். அம்புலன்ஸ் இல்லாமல் ஒருவரும் நிலத்துக்குள் இறங்கக் கூடாது என்பது விதி. மாற்று வாகனம் வேறொரு தளத்தில் நின்றது.

வாகனம் யாழ்ப்பாணத்துக் கராச்சுக்குப் போனது. ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். திரும்பி வந்தது. அக்கா காலையில் ஓட்டிவிட்டு வந்து, ஆயத்தம் என்று சொல்ல மறுத்தார். கவசம் போட்டு நின்ற எல்லோரும் அதைக் கழற்றினார்கள்.

"அக்கான்ரை காதுக்கை நண்டு பூந்திட்டுது," என்றான் நிமலன்.

"பூந்திருக்கட்டும். அதுவும் கேக்குதெண்டுதான் சொல்லுது."

முகாமையாளர் கோபப்படாத மனிதர். அன்று கோபப்பட்டார். தனக்கும் ஒன்றும் கேட்கவில்லை, கராச்காரருக்கும் கேட்கவில்லை, வெளியே ஒரு வயோதிபர் கன்றுகளோடு காத்திருக்கிறார் என்றார். எல்லாம் உண்மை. அக்கா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சேர், நீங்கள் இருந்துகொண்டு கேட்டனீங்கள். படுத்துக் கேளுங்கோ."

இது அவருடைய வழக்கம் என்பது எங்களுக்குத் தெரியும். ஒத்திகைகளில் யாராவது ஒருவர் காயக்காரராகப் படுக்க வேண்டும். மற்றவர்கள் சிரித்துத் தட்டிக் கழிப்பார்கள். அவர் வண்டித் திறப்பை நிமலனிடம் கொடுத்துவிட்டுத் தானே படுப்பார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஓடுறவளுக்கு எஞ்சின்தான் கேக்கும் தம்பி. படுத்திருக்கிறவனுக்குத்தான் வண்டி கேக்கும்," என்றார்.

முகாமையாளர் சப்பாத்தைக் கழற்றினார். பெருத்த மனிதர். ஸ்ரெச்சரில் மல்லாந்து படுத்தார். பட்டிகளைக் கட்டினோம். நான் அருகில் இருந்தேன். அக்கா மணலைக் கடந்து, வாசலில் நின்று, தடியை எடுத்து, ஏ9 வீதியில் ஏறி, சாவகச்சேரிப் பக்கம் திருப்பினார். வேகம் பிடித்தார். பிறகு மெதுவாக மிதியிலிருந்து காலை எடுத்தார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

முகாமையாளரின் முகம் மாறுவதைப் பார்த்தேன். கண் கூரையிலேயே நின்றது. அக்கா மறுபடி வேகம் பிடித்தார். மறுபடி காலை எடுத்தார். முகாமையாளரின் கை ஸ்ரெச்சரின் கம்பியைப் பிடித்தது.

தளத்துக்கு வந்து பட்டிகளை அவிழ்த்த பிறகும் அவர் எழும்பவில்லை. கிடந்தபடியே சொன்னார்: "இண்டைக்கு வேலை இல்லை."

பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். அங்கே படுத்திருப்பவனுக்கு வீதி தெரியாது. எங்கே போகிறோம், எவ்வளவு தூரம் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. கேட்பது மட்டும்தான். வண்டித் தரைக்கு அடியிலிருந்து முதுகெலும்பு வழியாக வந்த ஒரு 'ம்ம்ம்'. வண்டி வழியில் நின்றுவிடுமோ என்ற பயம் தனக்கு வந்தது என்றார்.

இந்தக் கதையை ஜெசிந்தா அக்காவின் வெற்றியாகச் சொல்ல எனக்கு விருப்பம். அவர் விடமாட்டார். பழுது பின் அச்சில் என்று அவர் சொல்லியிருந்தார். கழற்றியபோது பின் அச்சு சுத்தம். முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் நடுப்பெட்டிக்குள் ஒரு பெயாரிங் தேய்ந்துபோயிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தேநீர் நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்தார். "பின்னுக்கு எண்டன். பிழை. நடுவிலை இருந்திருக்கு. சத்தம் சாஃப்ற்றாலை நடந்து பின்னுக்கு வந்திருக்கு," என்றார். அந்தப் பெயாரிங் எவ்வளவு காலம் ஓடியிருக்கும் என்று கராச்காரரைக் கேட்டோம். ஆறு மாதமும் ஓடியிருக்கும், நாளைக்கும் இறுகியிருக்கும், ஆருக்குத் தெரியும் என்றார்.

எங்களுக்கு இன்றும் தெரியாது. அக்காவும் தெரிந்ததாகச் சொன்னதில்லை.

ஆனால் கழற்றுவதற்கு முன்பே, வேலை நின்ற அன்றே, இன்னொன்று நடந்தது. தம்பிராசா ஐயாவிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் முகாமையாளர். அக்கா அவரை மறித்துவிட்டுத் தானே போனார். நான் கூடப் போனேன். ஐயா கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்கடை காணி பிந்திறதுக்கு நான்தான் காரணம். ஆக்களை ஏசாதேங்கோ. என்னை ஏசுங்கோ."

ஏசினார். நன்றாகவே ஏசினார். பொம்பிளைக்கு ஏன் வாகனம் என்பதுவரை ஏசினார். அக்கா தலை குனியவில்லை. இரைச்சலைக் கேட்பது போலவே முழுவதையும் கேட்டார். ஐயா களைத்துப்போனதும், வாளியை அவர் கையிலிருந்து வாங்கி, மிச்சக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

மழை முந்திவிட்டது. கன்றுகள் பிந்தி நடப்பட்டன.

செத்தவீட்டில் ஒருவர் சொல்லக் கேட்டேன்: வண்டியின் சத்தமெல்லாம் கேட்டவளுக்குத் தன் உடம்பின் சத்தம் கேட்கவில்லை. கேட்க அழகாக இருக்கிறது. பொய். கேட்டது. எல்லோருக்கும் முன் அவருக்குத்தான் கேட்டது. வைத்தியரிடம் போய், இன்ன வருத்தம் என்று பெயர் வைக்காமல், எப்போது, எந்தப் பக்கம், படுத்தாலா நடந்தாலா என்று சொன்னார். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்வதில்லை என்று வைத்தியரே சொன்னாராம். நேரத்தோடு கண்டுபிடித்தார்கள். நேரத்தோடு வைத்தியம் செய்தார்கள். சில பழுதுகளை நேரத்தோடு கேட்டாலும் திருத்த முடிவதில்லை. அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. அதை மட்டும் உங்கள் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தம்பிராசா ஐயாவும் வந்திருந்தார். பஸ்ஸில், தனியாக. கடலேரிப் பக்கத்து மதிலோடு ஒதுங்கி நின்றார். என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தார்.

"தம்பி, பிந்தி வைச்ச தென்னங்கண்டெல்லாம் தப்பிப் பிழைச்சிட்டுது. அவவுக்கு ஒருக்கா வந்து சொல்லுவம் எண்டு இருந்தனான்."



ஜெசிந்தா அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இது: ஒன்றுக்குப் பெயர் வைப்பதற்கு முன் அதன் சத்தத்தைச் சொல்வது. படித்ததனாலோ என்னவோ, எனக்குப் பெயர்கள் சீக்கிரம் வந்துவிடும். இப்போது கொஞ்சம் பிந்தி வருகின்றன.

போன கிழமை ஒத்திகை. காயக்காரராகப் படுப்பது யார் என்று முகாமையாளர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் போய்ப் படுத்தேன். பட்டிகளைக் கட்டினார்கள். நிமலன் ஓட்டினான். மணல். வாசல். தடியை எடுக்கும் சத்தம். பிறகு தார். கூரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முதுகுக்குக் கீழே வாகனம் முழுவதும் கேட்டது.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நிமலன் கேட்டான்: "என்ன கேட்டது?"

வாயால் செய்து காட்டினேன். மிகச் சின்னச் சத்தம்.

"கால் அமத்தேக்கையோ, எடுக்கேக்கையோ?"

"தெரியாது," என்றேன்.

கவசம் போட்டு நின்றவர்கள் ஒவ்வொருவராக அதைக் கழற்றத் தொடங்கினார்கள். முகாமையாளர் முன்னால் போய்ச் சாரதி ஆசனத்தில் ஏறி, கதவைச் சாத்தினார். நிமலன் தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தான்.

"விலத்து மச்சான். நான் படுத்துப் பாக்கிறன்."