எந்த ராமநாதன்?

மோசடி அழைப்புகளைத் துண்டிப்பதில் எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர் உண்டு. மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்பும் என் மகள் வித்யா, போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பல்லாவரத்துக்குப் பெட்டி வாங்கப் போயிருந்தாள். அதில் ஒரு வெளிநாட்டு அழைப்பு.

“ராமநாதன்?” என்றது ஆங்கிலக் குரல். என் பெயர் இவனுக்கு எப்படித் தெரியும்? உஷாரானேன்.

“நீங்கள் கேட்ட விடுதி அறை வேண்டுமா?”

“ரிட்டயர்டு ஆளுக்கு எதற்கய்யா விடுதி? வேண்டாம்!” வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த வித்யா, நான் பெருமையாகச் சொன்னதைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள். “அப்பா, பாஸ்போர்ட்ல என் சர்நேமே ராமநாதன்தான்!”

விதிமுறைப்படி அவள் இனிஷியலை விரித்து பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் சர்நேம் கட்டத்தில் எழுதியவன் சாட்சாத் நானேதான்.

கெஞ்சிக் கூத்தாடி அறையை மீட்டாள். இப்போதெல்லாம் ராமநாதனை யார் கேட்டாலும், “அப்பாவா, பொண்ணா?” என்று விசாரித்த பிறகுதான் சந்தேகப்படுகிறேன்.

– ராமநாதன் (அப்பா), சிட்லபாக்கம்