வாயால் ஃபவுல், கையால் ஃபேர்

"துண்டு எங்க?" என்று குளியலறைக்குள்ளிருந்து வீட்டுக்காரர் மூன்றாம் தடவை கத்துகிறார். வேன் அக்கா வாயைத் திறக்காமல் கொடியின் பக்கம் கையை நீட்டிக் காட்டுகிறார். கதவு சாத்தியிருக்கிறதே, அவருக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள். பதினோரு வருட அம்பயர் பழக்கம்.

வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சாப்ட்பால் ஆட்டங்களுக்கு அம்பயர். மட்டையால் அடித்த பந்து ஓரக்கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல். அதைத் தொண்டை கிழியக் கத்த வேண்டும், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். உள்ளே விழுந்தால் ஃபேர். அதைச் சொல்லவே கூடாது, கையை மைதானத்துப் பக்கம் நீட்டினால் போதும். கோட்டின் மேல் பட்டாலும் ஃபேர்தான். "கோடும் வீட்டோட சேர்த்திதான், வாசப்படிய வெட்டியா எறிவோம்?" என்பார்.

ஆட்டத்துக்கு முன் சுண்ணாம்புக் கோடு நெடுக ஒரு நடை நடப்பார். கொஞ்சம் நெளிந்திருந்தாலும் போச்சு. "இது கோடா, பாம்பா? அழிச்சிட்டுப் போடுங்கப்பா!" திங்கட்கிழமை தொண்டை கட்டிவிடும். அன்றைக்கு ஜன்னல் சீட்டுச் சண்டைக்கெல்லாம் விரல்தான் தீர்ப்பு. வேனில் ஒரு குழந்தைகூட மறுத்துப் பேசாது.

இப்படிப்பட்ட மனுஷி போன மாதம் சறுக்கினார். அதுவும் சொந்தத் தங்கையிடம்.

தங்கை நர்ஸ், ஆஸ்பத்திரி அணியில் ஆடுகிறவள். அரையிறுதியில் பந்தை மெல்லத் தட்டிவிட்டாள். அது மூன்றாம் பேஸுக்கு, அதாவது ரன்னுக்கு ஓடுகிறவர்கள் மிதிக்கும் மூன்றாவது திண்டுக்கு, போகும் கோட்டை ஒட்டி உருண்டது. உருளும் பந்து பேஸைத் தாண்டுவதற்குள் வெளியே போகும், உள்ளே வரும். நிற்கும்வரை அல்லது யாராவது தொடும்வரை அம்பயர் பொறுக்க வேண்டும். அக்காவுக்கோ, தங்கைக்குச் சாதகமாகச் சொன்னதாக ஊர் பேசிவிடுமோ என்று உள்ளுக்குள் உதறல். பந்து இரண்டு விரல் வெளியே போனதுமே "ஃபவுல்!" என்று கத்திவிட்டார். பந்து ஒரு கல்லில் இடித்துக்கொண்டு சமர்த்தாக உள்ளே திரும்பி நின்றது. கத்தியது கத்தியதுதான், திரும்ப வாங்க முடியாது. அதற்குள் தங்கை அணி ஓடி எடுத்திருந்த ரன் போச்சு. அடுத்த பந்தில் தங்கை அவுட், ஆட்டமும் தோல்வி.

எல்லார் முன்னாலும் அக்கா சொன்னார்: "என் தப்பு. வாய் முந்திடுச்சு. அது ஃபேர்."

"எனக்குன்னா மட்டும் உனக்கு அவசரம்," என்றாள் தங்கை. அதோடு பேச்சு நின்றது. தினமும் சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து வம்பளக்கிறவள், நாலு வாரமாக எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனில் அக்கா இரண்டு தடவை அழுதிருக்கிறார். கேட்டால் "தூசு விழுந்துச்சு" என்பார். பொய், சுத்தப் பொய்.

போன ஞாயிறு மறுபடி ஆஸ்பத்திரி அணி. தங்கை மூன்றாம் பேஸில் பந்து தடுக்க நிற்கிறாள். எதிரணிப் பெண் தட்டிய பந்து அதே கோட்டோரம் உருண்டு வருகிறது. வெளியே போனால் தங்கை அணிக்கு நல்லது. அவள் ஓடிவந்து தொடாமல் குனிந்து பார்க்கிறாள். எதிரே அக்கா மண்டியிட்டு, மூக்கு தரையில் படும் அளவுக்குக் குனிகிறார். இரண்டு தலையும் முட்டாத குறை. பந்து வெளியே சாய்ந்தது. "ஃபவுல்! ஃபவுல்!" என்று ஆஸ்பத்திரிக் கூட்டம் கத்துகிறது. அக்கா பந்தையே பார்க்கிறார், வாய் திறக்கவில்லை. பந்து தயங்கி, திரும்பி, கோட்டின் விளிம்பில் ஏறி நின்றது.

அக்காவின் கை உள்பக்கம் நீண்டது. அதற்குள் ஓடி முடித்திருந்த எதிரணிக்கு ஒரு ரன்.

ஆஸ்பத்திரி அணியின் கோச் பாய்ந்து வந்தார். "சொந்தத் தங்கச்சிய எத்தனை தடவைதான் கவுப்பீங்க?"

"ஃபேர்தான் சார்," என்றாள் தங்கை. "நானும் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

கோச் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். அக்கா மண்டியிட்டபடியே இருந்தார், எழுந்திருக்கத் தோன்றவில்லை. தங்கை கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டாள். பிறகு குனிந்து, அக்காவின் முழங்காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட ஆரம்பித்தாள்.