ரெண்டு எழுத்து மாற்றியவள்

பில்டு அக்கா என்று கேட்டால்தான் அந்த ஆபீசில் கை காட்டுவார்கள். மற்றவர்கள் எழுதித் தள்ளும் வரிகளை, மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரில் கொடுத்து, ஓடுகிற புரோகிராமாக ஆக்குவது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதே மூலை, அதே ஆடும் நாற்காலி. கம்பைலர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபிளாக்குகள் அவளுக்கு அத்துப்படி.

பஸ் கம்பெனிக்கு டைம்டேபிள் போடும் புரோகிராம் நாற்பது நிமிஷம் உருண்டுகொண்டிருந்தது. சோதனைக்காக யாரோ, வேகமே கூட்டாதே என்கிற ஓ-ஜீரோ ஃபிளாக்கில் வைத்தது அப்படியே கிடந்தது. அவள் அதை, வேகம் கூட்டச் சொல்லும் ஓ-டூ ஆக்கினாள். உடனே, அதுவரை ஒளிந்திருந்த தப்புகளெல்லாம் தலைகாட்டின. ஏழு மாதம் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். ஓ-த்ரீ போட்டால் இன்னும் பறக்கும் என்று புதுசாக வந்தவர்கள் நினைப்பார்கள். அவள் அளந்து பார்த்தாள், மூன்று ஃபைல்கள் அதில் மெதுவாகவே ஓடின. கடைசியில் துண்டுகளைச் சேர்க்கும் லிங்கரிடம், மொத்தத்தையும் ஒன்றாகப் பார்த்து வேண்டாததை வெட்டச் சொன்னாள். பதினொரு நிமிஷத்துக்கு வந்தது.

மீட்டிங்கில் அவள் கொழுந்தன் எழுந்தான். முதலாளியிடம் கெஞ்சி அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். "வேகம் கூட்டுனது நான்தான் சார்" என்றான். "அக்கா பண்ணலையா?" என்று யாரோ இழுத்தார்கள். "அண்ணியா? ரெண்டு எழுத்து மாத்துனாங்க, அவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அடுத்த வாரம் அவன் டீம் லீடர். இவனை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் சிரித்த முகமாகச் சாப்பாடும் போட்டாள். எட்டு மாதம் காத்திருந்தாள்.

புது வெர்ஷனை பஸ் டிப்போவிலேயே ஓட்டிக் காட்டி அசத்தவேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. எங்கிருந்தோ மார்ச்-நேட்டிவ் என்ற ஃபிளாக்கைப் பிடித்து வந்தான். புரோகிராமை உருவாக்குகிற மெஷினுக்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் தாராளமாகப் போட்டுக்கொள் என்று அதற்கு அர்த்தம். ஆபீஸ் மெஷின் புத்தம் புதுசு. டிப்போவில் மாடிப்படிக்குக் கீழே இருப்பது பன்னிரண்டு வருஷப் பழசு, அந்தக் கட்டளைகளில் பல அதற்குத் தெரியாது. அவள் நேரில் போய்ப் பார்த்திருக்கிறாள். "டிப்போ மெஷின் பழசு, நேட்டிவ் போடாதீர்கள்" என்று பில்டு ஃபைலில் எழுதியும் வைத்திருந்தாள். அந்த வரியைக் குப்பை என்று அழித்துவிட்டான், புண்ணியவான்.

"அண்ணி, ஒம்போது நிமிஷம்! பாத்தீங்களா?"

"பாத்தேன் தம்பி. ஜோரா ஓடுது."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வாளா? அவளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து டிப்போவிலிருந்து போன் வந்தது.

"அண்ணி, தொறந்த உடனே செத்துப்போகுது. ஏதோ தெரியாத கட்டளைன்னு காட்டுது. முதலாளி பக்கத்துலயே நிக்கிறாரு."

"ரெண்டு எழுத்துதானே தம்பி. நீயே மாத்திக்கோ."

"மானம் போகுது அண்ணி, ப்ளீஸ்."

"ஸ்பீக்கர்ல போடு. பதினோரு நிமிஷம் யாரு பண்ணதுன்னு சொல்லு."

ஸ்பீக்கரைப் போட்டான். பிறகு, "அண்ணிதான் பண்ணாங்க" என்று கேட்டது.

"சரியா கேக்கல."

"அண்ணிதான் பண்ணாங்க! நான் ஒண்ணும் பண்ணல!"

பழைய மெஷினுக்கு ஏற்றபடி காலையிலேயே செய்து வைத்திருந்ததை அனுப்பினாள். அது பதினொரு நிமிஷத்தில் ஓடி முடித்தது.

மத்தியானம் முதலாளி நேராக அவள் மூலைக்கு வந்தார். "இது அங்க ஓடாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். ஒரு வாரமா."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அத்தனை பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னேன்."

"அன்னிக்கு மீட்டிங்ல நானும் அப்படித்தான் நின்னேன். நீங்க சிரிச்சீங்க சார்."

அவள் திரும்பி, கொழுந்தன் அழித்த வரியை பில்டு ஃபைலில் மறுபடி எழுதினாள். இந்தத் தடவை கீழே தன் பேரையும் போட்டாள்.