மாதாவுக்கு எடுத்த சேலை

நம் வாட்சப் குழுவில் தினமும் முதலில் வந்து விழுவது தனம் அக்காவின் காலை வணக்கப் படம்தான். ரோஜாப்பூ, பிள்ளையார், ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை. அன்றும் அவர் எண்ணிலிருந்துதான் செய்தி வந்தது. எழுதியிருந்தது அவர் மகன். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பாசாருக்குக் காய் வாங்கப் போனால்கூட நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போகிறவர், இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவது?

பினாங்கு பாயான் பாரு தொழிற்சாலையில் அவருக்குக் கீழே வேலை செய்த உங்களுக்கு அவர் கண்டிப்பும் தெரியும், வாயும் தெரியும். "கை வேலை செய்யட்டும், வாய் பேசட்டும், மாத்தி மட்டும் வெச்சுக்காதீங்க லா" என்பார். நான் சொல்ல வந்தது எங்கள் பிரான்ஸ் பயணம். அதை அவர் முழுதாகச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

என் மகள் மலர் ஷார்த்ர் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பாரிஸிலிருந்து ரயிலில் போனால் கோதுமை வயல்களுக்கு மேலே முதலில் தெரிவது அந்த ஊரின் பெரிய மாதா கோயில்தான். முதல் பிள்ளை தங்காமல் போய், இரண்டாவது முறை நிறைமாதமாக இருந்தபோது என்னைக் கூப்பிட்டாள். தனியாகப் போக எனக்குப் பயம். "நான் வர்றேன். தொலைஞ்சா ரெண்டு பேரும் ஒண்ணாத் தொலைவோம்" என்று அக்கா பெட்டியைக் கட்டிவிட்டார். அதற்குள் லிட்டில் இந்தியாவில் எடுத்த அரக்குச் சேலை ஒன்று, பச்சைக் கரை போட்டது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க, அந்த ஊர் மாதாவுக்குச் சாத்துவதாக வேண்டிக்கொண்டாராம். சாமி விஷயத்தில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். "அங்க யாருக்கு அக்கா சேலை கட்டத் தெரியும்?" என்று கிண்டல் செய்தேன். "தெரியாட்டி நான் கட்டிவிடறேன்" என்றார்.

போன மறுநாளே ஊரை அளக்க ஆரம்பித்துவிட்டார். ஆற்றோரம் அந்தக் காலத்துப் பெண்கள் துணி துவைத்த துறைகளைக் கூரையோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். அங்கே குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, "அலாமா, இந்தக் குளிர்ல துவைச்சாளுங்களா, பாவம்!" என்று தெரியாத பெண்களுக்காக வருத்தப்பட்டார். மாதா கோயிலின் இரண்டு கோபுரங்கள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. பழையது வெறுமையாக நிற்கும். பிறகு கட்டியது உயரமாக, நகாசு வேலையோடு நிற்கும். "மூத்தவ வேலைக்குப் போயி வீட்டக் காப்பாத்துனவ, சின்னவ செல்லமா வளந்தவ" என்றார். அதற்கப்புறம் எனக்கும் அவை அப்படித்தான் தெரிகின்றன.

கோயிலுக்குள் செருப்போடு வரவே மாட்டேன் என்றுவிட்டார். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அந்தச் சில்லிட்ட கல்லில் வெறுங்காலோடு நடந்தார். தரையில் பெரிய வட்டமாகச் சுற்றுப்பாதை ஒன்று பதித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நாற்காலிகளை ஒதுக்கி அதைத் திறந்து விட்டிருந்தார்கள். மலருக்காக வளைந்து வளைந்து அதை நடந்து முடித்தார். பின்னால் வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அவரைப் பார்த்துவிட்டுத் தானும் காலணியைக் கழற்றினாள்.

பிறகு சேலையை எடுத்துக்கொண்டு தூண்மேல் இருக்கும் மாதாவிடம் போனோம். அங்கே மெழுகுத்திரிகளைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாள் ஒருவர் இருந்தார். மலர் விஷயத்தைச் சொல்ல, அவர் சேலையை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, முடியாதென்று தலையை ஆட்டினார். சிலைக்கு இப்போது துணி சாத்துவதில்லை, வாங்கி வைக்கவும் தனக்கு உரிமையில்லை என்றார். "வேணாம்னு சொல்றாங்கம்மா" என்றாள் மலர். அவள் கை வயிற்றுக்குப் போனது. போன முறை போலவே ஆகிவிடுமோ என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. சாமியே இல்லை என்கிற எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. நேர்ந்துகொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போவதா?

அந்த அம்மாள் எங்களை அப்படியே விட்டுவிடவில்லை. மலரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் வேறோர் இடத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்குப் பின்னால் நிறம் மங்கிய பழைய துணி ஒன்று. மாதா உடுத்தியது என்று காலங்காலமாக நம்புகிறார்களாம். அந்த நாளில் ராணிகள் பிள்ளை பெறும் முன்பு தங்கள் சட்டையை இந்தத் துணி இருக்கும் பேழையில் வைத்து எடுத்து உடுத்திக்கொள்வார்களாம். மலர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா சிரித்துவிட்டார். "அட, இவங்களும் நம்மள மாதிரிதானா!"

சைகையால் அனுமதி கேட்டார். சேலையைப் பிரித்து, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையிலும் ஏந்திக் கண்ணை மூடினார். பிறகு அதை அப்படியே மலரின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். "சாத்தியாச்சு. நம்ம கோயில்ல அம்மனுக்குச் சாத்துன சேலைய பிரசாதமாக் குடுக்குறதில்லையா? அதான் இது. வாங்கிக்கிட்டோம், வா, வீட்டுக்குப் போலாம்." மலர் அங்கேயே விம்மி அழுதாள். அவள் பயம் அன்றோடு போனது, எனக்கும்தான்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். அந்தப் பழைய வீட்டு உத்தரத்தில் மருமகன் கொக்கி மாட்ட, அக்கா அதே சேலையில் தூளி கட்டினார். தூளி வயது போய்ப் போர்வை வயது வந்தும் அவளுக்கு அந்தச் சேலை இல்லாமல் தூக்கம் வராது. இந்த முறை விடுமுறைக்குப் பினாங்கு வந்தபோதும் அதைக் கொண்டு வந்திருந்தார்கள். அதனால்தான் அக்காவின் உடல்மேல் அதை விரிக்க முடிந்தது. மலர்தான் விரித்தாள்.

சவப்பெட்டியை மூட வந்தபோது நான் போய்ச் சேலையைக் கையில் எடுத்தேன். உறவுக்காரர் ஒருவர் அதட்டினார். "பொணத்து மேல போட்டத எடுக்கக் கூடாதும்மா, தீட்டு!"

"தீட்டில்லண்ணே, பிரசாதம்" என்றேன். என் வாயில் அந்தச் சொல் வந்ததைக் கேட்டு மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

ஊருக்குத் திரும்பும்போது மலர் அதை என்னிடமே விட்டுப் போனாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும்மா. அவளுக்கு வேற போர்வை பழகிடும்." அதில் அக்காவுக்குப் பூசிய சந்தனம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, துவைக்கவில்லை. சாமி விஷயத்தில் நான் இன்னும் பழைய ஆள்தான். ஆனால் அதை மடித்து அலமாரியில் வைக்கும் முன், யாரும் பார்க்காதபோது, கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.