மூன்றாவது சாக்கெட்

எங்கள் பட்டறையில் செயற்கைக்கால் செய்பவருக்குக் கால் சார் என்றே பெயர். பதினோரு வருடமாக அவருக்குப் பிளாஸ்டர் கரைத்துக் கொடுப்பவள் நான். அவருக்கோ கண்ணுக்குக் கீழே கருவளையம், நகத்தில் மாவு, வாயைத் திறந்தால் கொட்டாவி. "அந்தப் பட்டறையையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாராம் அவர் மனைவி. சரியாகத்தான் சொல்கிறார்.

அவரை ஒரேயடியாக அலுக்க வைத்தது இஸ்திரி அக்காவின் கால். சலவைக்கடையில் ஒன்பது மணி நேரம் நின்று துணி தேய்க்கிற வேலை. முட்டிக்குக் கீழே ஒரு கால் இல்லை. காலையில் இங்கே மாட்டினால் கச்சிதமாக நிற்கும். மதியம் கடையில் கழன்று தொங்கும். சாக்கெட்டை, அதாவது மிச்சக்காலை நுழைக்கிற கூட்டை, இரண்டு முறை வார்த்தாயிற்று. தொடையில் பெல்ட்டை இறுக்கியும் பார்த்தாயிற்று. ம்ஹும். திங்கட்கிழமையும் நிற்க முடியாவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மூன்றாவது சாக்கெட்டை மாட்டிய அன்று எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, சாயங்காலம் வரைக்கும் இங்கேயே நில்லுங்க. எங்க கண்ணு முன்னாடி கழலட்டும்!"

மூன்று மணிக்கு ஆட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால், காலையில் பொம்மென்று இருந்த மிச்சக்கால் சுருங்கியிருந்தது. நேரமாக ஆக எல்லோருக்குமே சுருங்கும்தான். அப்போது மிச்சக்காலில் போட்டிருக்கிற சாக்ஸுக்கு மேலே இன்னொரு சாக்ஸ் மாட்ட வேண்டும். அதற்காகவே ஆறு சாக்ஸ் கொடுத்து அனுப்புவோம்.

"மத்த அஞ்சும் எங்கக்கா?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. ஒண்ணு கிழிஞ்சாத்தானே அடுத்தது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் சார் சிரிக்கவில்லை. "நான் சொல்லலையாம்மா?"

"இல்லையே சார். அன்னிக்கு நீங்க ரொம்ப அசந்து போயிருந்தீங்க. கவரைக் கையில கொடுத்துட்டு, போயிட்டு வாங்கன்னீங்க."

சாக்ஸ் ஒன்றை மேலே மாட்டினோம். பட்டறை பூட்டும் வரை அக்கா நின்றார். கால் அசையவில்லை. அப்புறம்தான் அழுதார். "எனக்குத்தான் நிக்கத் துப்பில்லைன்னு நெனச்சேன் சார். ரெண்டு மாசமா, தெனமும்."

"மன்னிச்சுக்கம்மா."

"மன்னிப்பை வச்சு நான் என்ன பண்றது? முதலாளிகிட்ட வந்து சொல்லுங்க."

பாவம், மனுஷனுக்கு முகமே செத்துவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் போனார். நானும் கூடப் போனேன். தேய்க்கிறவர்கள் எல்லோரும் கையை நிறுத்திப் பார்க்க, அந்தக் களைத்த குரலிலேயே முதலாளியிடம் சொன்னார்: "இந்தம்மா ஒழுங்காத்தான் நின்னாங்க. தப்பு என்னோடது."

முதலாளி ஒதுங்கி வழிவிட்டார். அக்கா தன் மேஜைக்கு நடந்து போனார்.